பேர் வைக்காத பாயிண்ட்டும் நேரேஷன் இல்லாத என்ட்ரியும்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் திட்டத்தான் போறேன். யாரைன்னு கேட்டா, ஜிபிஎஸ் கருவியை கையில வெச்சுக்கிட்டு பார்க்கற இடத்துல எல்லாம் 'மார்க்' பட்டனை அமுக்கிட்டு, கருவி கொடுக்கற 001, 002, 003ங்கற நம்பரையே பேரா விட்டுட்டு நடையைக் கட்டறாங்களே, அவங்களை. "உனக்கென்னப்பா வந்துச்சு, பி.காம் படிக்கறவனுக்கு ஜிபிஎஸ் எதுக்கு"ன்னு கேப்பீங்க. பி.காம் படிக்கறதாலதான் கோபமே வருது. கதையைக் கேளுங்க.

என் கூட படிக்கற பையன் ஒருத்தன் பழவேற்காட்டுப் பக்கம். அவங்க அப்பா ஃபைபர் போட் வெச்சிருக்கார், இருபது வருஷத்துக்கு மேல கடலுக்குப் போறவர். கையில ஒரு கையடக்க ஜிபிஎஸ். அதுல 412 பாயிண்ட். மீன் நல்லா பட்ட இடம், அடியில பாறை இருக்கற பார், வலை மாட்டற இடம், முகத்துவாரத்துல மணல்மேடு தப்பி உள்ள வர்ற வழி... எல்லாம் ஒரே லிஸ்ட்ல. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி சின்னக் கொடி. எல்லாத்துக்கும் பேர் நம்பர்தான்.

போன வருஷம் அவர் கரையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்துட்டார். போட்டை சும்மா போட முடியுமா? சித்தப்பா எடுத்துட்டுப் போனார். லிஸ்ட்ல 186ல நல்ல மீன். 188லயும் நல்ல மீன். நடுவுல 187 இருக்கு, அதுவும் நல்ல இடமாத்தான் இருக்கும்னு நினைச்சு அங்கயும் வலையை விட்டார்.

187 அப்பா போட்டு வெச்சது எதுக்குத் தெரியுமா? "இங்க வலை விடாதே"ங்கறதுக்கு. அடியில என்னவோ கிடக்கு, முன்னாடி ஒரு தடவை அவர் வலையே அங்க கிழிஞ்சிருக்கு. மறந்துடக் கூடாதேன்னுதான் மார்க் பண்ணார். பாதி வலையை அறுத்து விட்டுட்டு சித்தப்பா திரும்பி வந்தார். இருபதாயிரத்துக்கு மேல போச்சு. ஜிபிஎஸ் தப்பு பண்ணலை, அது ரொம்பச் சரியா கூட்டிட்டுப் போய் விட்டுச்சு! அதுதான் கொடுமை.

கல்லூரியில முதல் வாரம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த விஷயம்: ஜர்னல் என்ட்ரி போட்டா கீழ நேரேஷன் எழுதணும். 'இன்ன காரணத்துக்காக இன்னாருக்குக் கொடுத்தது'ன்னு ஒரு வரி. எழுதலைன்னா மார்க் போயிடும். அப்போ சிரிச்சோம். தொகை இருக்கு, தேதி இருக்கு, அப்புறம் எதுக்குடா கதைன்னு. 187தான் பதில். வெறும் தொகை யாருக்கும் எதுவும் சொல்லாது. அதே 5,000 ரூபாய் வரவாவும் இருக்கலாம், நஷ்டமாவும் இருக்கலாம். அதே மாதிரி ஒரு அட்சரேகையும் தீர்க்கரேகையும் புதையலாவும் இருக்கலாம், பொறியாவும் இருக்கலாம். எதுன்னு சொல்ல வேண்டியது நேரேஷன். அது இல்லாத பாயிண்ட் சொத்துக் கணக்குல வராது, கடன் கணக்குலதான் வரும்.

"நாங்க என்ன புதுசாவா கடலுக்குப் போறோம், எல்லாம் தலையில இருக்கு"ன்னு பெரியவங்க சொல்வாங்க. மரியாதையோட ஒண்ணு சொல்றேன். ஜிபிஎஸ் வர்றதுக்கு முன்னாடி நீங்க எப்படி இடம் வெச்சீங்க? கரையில தெரியற ரெண்டு அடையாளம், ஒரு கோபுரமும் அதுக்குப் பின்னாடி ஒரு பனையும் ஒரே நேர்கோட்டுல வரணும். இன்னொரு பக்கம் லைட்ஹவுஸும் ஒரு மரமும் நேர்கோட்டுல வரணும். ரெண்டு கோடும் வெட்டிக்கற இடம்தான் பார். ஒரு கோடு பத்தாது, ரெண்டு வேணும். அடடா, இது எங்க டபுள் என்ட்ரி இல்லையா! 1494ல வெனிஸ்ல பாச்சோலி அச்சுல போட்டதை நம்ம கடற்கரை பள்ளிக்கூடமே இல்லாம செஞ்சிருக்கு. அதைவிட முக்கியம், அந்தப் பாருக்கு ஒரு பேர் இருந்துச்சு. பேரோட சேர்த்துத்தான் அப்பன் பிள்ளைக்குச் சொன்னான். ஆழம் எவ்வளவு, எந்த மாசம் என்ன மீன், நீரோட்டம் எப்படின்னு கதையோட சொன்னான். அதாவது நேரேஷன் இல்லாம முன்னோர்கள் ஒரு பாயிண்ட்கூட போடலை. 'தலையில வெச்சுக்கற' பழக்கம் பழசு இல்லைங்க. பேரை விட்டுட்டு நம்பரை வெச்சுக்கறதுதான் புதுசு. அதைக் கத்துக் கொடுத்தது மெஷின்.

சரி, வேற யாராவது இதை ஒழுங்கா செய்யறாங்களான்னு பார்த்தா, விளையாட்டுக்காரங்க செய்யறாங்க! ஜியோகேச்சிங்னு ஒரு விளையாட்டு. 2000 மே மாசம் வரைக்கும் அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை வேணும்னே கெடுத்துத்தான் விட்டுச்சு. இடம் 100 மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். மே மாச ஆரம்பத்துல கிளிண்டன் அரசு அதை நிறுத்தினது. மே 3ந்தேதியே ஓரிகான் மாநிலத்துல டேவ் உல்மர்ங்கறவர் ஒரு வாளியில சாமான்களைப் போட்டு காட்டோரம் புதைச்சு வெச்சு, அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்துல போட்டு 'கண்டுபிடிங்க பார்ப்போம்'னார். இப்போ உலகம் முழுக்க 30 லட்சத்துக்கு மேல இப்படி டப்பா ஒளிச்சு வெச்சிருக்காங்க.

டப்பாக்குள்ள இருக்கறது பெரும்பாலும் ஒரு நோட்டும் பத்து பைசா பெறாத பொம்மையும்தான். ஆனா அந்தப் பத்து பைசா பொம்மைக்கு அவங்க வெச்சிருக்கற ரெக்கார்டைப் பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் வேற எதுக்கும் வராத ஒரு கோட் நம்பர், ஒரு பேர். கண்டுபிடிக்க எவ்வளவு கஷ்டம், போற வழி எவ்வளவு கரடுமுரடுன்னு 1லேர்ந்து 5 வரைக்கும் தனித்தனியா மதிப்பெண். டப்பா என்ன அளவு, வெச்சது யாரு, என்னைக்கு. கடைசியா வந்தவங்க என்ன எழுதினாங்க. அத்தனையும் ஜிபிஎக்ஸ்ங்கற ஒரே ஃபைல்ல கட்டி கருவிக்குள்ள ஏத்திக்கறாங்க. நிறைய கருவிகள்ல இதுக்குன்னே தனி லிஸ்ட் உண்டு, சொந்தமா மார்க் பண்ணின பாயிண்ட்டோட கலக்காது. ஃபைல் பழசாச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு புதுசு ஏத்திக்கறாங்க. ஏன்னா டப்பா அங்கயே இருக்கும்னு நிச்சயம் இல்லை.

பொம்மைக்கு இவ்வளவு. குடும்பமே சாப்பிடற பாருக்கு 187ன்னு ஒரு நம்பர். நியாயமா?

இதுக்கு ஒரு பதில் வரும், அது நியாயமான பதில்தான். "தம்பி, பேர் போட்டா அடுத்த போட்டுக்காரன் பார்த்துடுவான். கருவி திருடு போனா எங்க இடம் எல்லாம் ஊருக்கே தெரிஞ்சிடும்." நல்ல மீன் பாயிண்ட் தொழில் ரகசியம், ஒத்துக்கறேன். ஆனா ரகசியம் வேற, அநாமதேயம் வேற. 187ன்னு இருந்ததால அடுத்தவன் பார்க்காம இருந்தானா? அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஸ்க்ரீன்ல பளிச்சுன்னு இருக்கே, அவனுக்கு அது போதும். நம்பர் யார்கிட்டேர்ந்து மறைச்சுது தெரியுமா? சொந்தத் தம்பிகிட்டேர்ந்து! ஜியோகேச்சிங்காரங்க 'க்ளூ'வைக்கூட ஒவ்வொரு எழுத்தையும் 13 இடம் தள்ளி எழுதி வெப்பாங்க. முறை தெரிஞ்சவன் படிச்சுக்குவான், தெரியாதவன் முழிப்பான். அதே மாதிரி வீட்டுக்குள்ள மட்டும் புரியற ஒரு குறி வைங்க. அத்தை பேர் வெச்சா நல்ல மீன், மாமனார் பேர் வெச்சா வலை மாட்டற இடம்னு வைங்க (சும்மா உதாரணத்துக்குச் சொன்னேன், மாமனார்கள் மன்னிக்கணும்). பூட்டு போடுங்க, வேண்டாங்கலை. சாவியை கடல்ல எறியாதீங்கங்கறேன்.

பேரோட முடிஞ்சுதான்னா இல்லை. எண்ணை எழுதற முறை இருக்கே, அது இதைவிடப் பெரிய வில்லன். நோட்டுல நம்ம ஆளுங்க எழுதறது இப்படி: 9.40.15. எல்லாத்துக்கும் புள்ளி. இதை எப்படிப் படிக்கறது?

பழவேற்காட்டுல வலைதான் போச்சு, பாக் நீரிணைப் பக்கம் இதே குழப்பம் வந்தா ஆளே மாட்டிக்குவான். அதனால உதாரணத்தை அங்கேர்ந்தே எடுக்கறேன். இந்தியாவும் இலங்கையும் 1974 ஜூன் 26, 28 தேதிகள்ல கையெழுத்து போட்ட கடல் எல்லை ஒப்பந்தம் இருக்கில்ல, கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது அதுலதான். அந்த ஒப்பந்தமே ஆறு பாயிண்ட்தான். ஆறு அட்சரேகை தீர்க்கரேகையைக் கொடுத்து, இதை வரிசையா சேர்த்துக்கோங்க, அதுதான் எல்லைங்குது. மூணாவது பாயிண்ட்: வடக்கு 9 டிகிரி 40.15 நிமிஷம், கிழக்கு 79 டிகிரி 22.60 நிமிஷம். இதுல 40.15ங்கறது தசம நிமிஷம். இதை ஒருத்தர் 40 நிமிஷம் 15 வினாடின்னு கருவியில போட்டா என்ன ஆகும்? 15 வினாடின்னா 0.25 நிமிஷம். வித்தியாசம் 0.10 நிமிஷம். ஒரு நிமிஷ அட்சரேகை 1,852 மீட்டர், அப்போ கோடு 185 மீட்டர் தள்ளிப் போச்சு. இன்னொருத்தர் கருவியோட செட்டிங் தசம டிகிரியில இருக்கறது தெரியாம 9.4015ன்னு அடிச்சா? கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் தெற்க போயிடும்! அதே எண், அதே நோட்டு, மூணு இடம்.

எல்லை தாண்டறதுக்கெல்லாம் இதுதான் காரணம்னு நான் சொல்ல வரலை. அதுல வயிறு இருக்கு, மீன் இருக்கற இடம் இருக்கு, அரசியல் இருக்கு, அது தனிக் கட்டுரை. ஆனா எல்லையைத் தாண்டாம நிக்கணும்னு நினைக்கறவனுக்காவது அவன் கையில இருக்கற கோடு சரியா இருக்க வேண்டாமா?

இதோட இன்னொரு சிக்கல், டேட்டம். பூமி உருண்டையை எந்த அளவுல கணக்கு எடுத்துக்கறோம்ங்கறது. ஜிபிஎஸ் வெச்சுக்கறது டபிள்யூஜிஎஸ் 84. நம்ம பழைய சர்வே வரைபடங்கள் எவரெஸ்ட் கணக்கு. லாம்ப்டன் 1802ல பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து ஆரம்பிச்ச வேலையை எவரெஸ்ட் தொடர்ந்தார், 1830ல அவர் போட்ட அளவு அது. பழைய வரைபடத்துல பார்த்து எடுத்த எண்ணை அப்படியே கருவியில போட்டா சென்னைப் பக்கம் நூறு மீட்டருக்கு மேலயே நகரும். கருவியில டேட்டம் மாத்தற செட்டிங் இருக்கு, யாரு திறந்து பார்க்கறாங்க?

அடுத்து தேதி. பழவேற்காட்டு முகத்துவாரம் மணல் அடைச்சு அடைச்சு இடம் மாறிக்கிட்டே இருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி போட்ட வழி இன்னைக்கு வழி இல்லை, மேடு. ஹைதராபாத் இன்காய்ஸ்லேர்ந்து மீன் கிடைக்கக்கூடிய பகுதின்னு அறிவிப்பு வரும், அதுவும் கொஞ்ச நாள்ல காலாவதி ஆகற சரக்குதான். தேதி இல்லாத பாயிண்ட், தேதி இல்லாத பால் பாக்கெட் மாதிரி. "கருவியே தேதி போட்டுக்கும்"னு நம்பாதீங்க. ஜிபிஎஸ் வாரத்தை 1,024 வரைக்கும் எண்ணிட்டு மறுபடி பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கும். 2019 ஏப்ரல் 6ந்தேதி அப்படித் திரும்பினப்போ, மென்பொருள் புதுப்பிக்காத சில பழைய கருவிகள் தேதியை இருபது வருஷம் பின்னாடி கொண்டு போயிடுச்சு. பேனாவால எழுதின தேதிக்கு அந்த வியாதி வராது.

அதிகமா சேர்த்து வைக்கறதும் ஒரு வியாதி. அந்தப் பையன் கருவியை ரெண்டு வாரம் முத்தாபுதுப்பேட்டைக்கு வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருந்தேன். மொட்டை மாடியில ஒரே செங்கல் மேல வெச்சு மூணு நாள் மூணு தடவை மார்க் பண்ணிப் பார்த்தேன். (விமானப்படை நிலையம் பக்கத்துல இருக்கற ஊர்ல மாடியில நின்னு கருவியை வானத்துக்குக் காட்டினா என்ன ஆகும்? எதிர்வீட்டு மாமா "என்னப்பா, உளவு பார்க்கறியா?"ன்னார். ஹிஹி.) மூணும் மூணு இடம், ஒண்ணுக்கொண்ணு அஞ்சாறு மீட்டர் தள்ளி. அதாவது ஒரே பாருக்கு நாலு தடவை போனா நாலு பாயிண்ட் விழும், நாலும் வேற வேற மாதிரி தெரியும். மஞ்சள் கலர் பழைய கார்மின் ஈட்ரெக்ஸ்ல 500 பாயிண்ட்தான் கொள்ளளவு, பேருக்கு 6 எழுத்துதான். அதனால யோசிச்சுப் போட்டாங்க. பிற்பாடு வந்ததுல 2,000. இடம் நிறைய இருந்தா வீடு குப்பைதான் ஆகும். கடையில வருஷக் கடைசியில ஸ்டாக் எடுக்கற மாதிரி இதுக்கும் ஒரு நாள் வேணும். விசைப்படகுக்காரங்களுக்கு கிழக்குக் கரையில ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் இருக்கு. வலை பின்னறீங்க, இன்ஜின் பார்க்கறீங்க, பெயிண்ட் அடிக்கறீங்க. ஒரு சாயங்காலம் பாயிண்ட்டையும் பாருங்களேன்.

கடைசியா காப்பி. கருவி தண்ணியில விழும், திருடு போகும், பறிமுதல் ஆகும், வயசாகி செத்துப் போகும். கேபிள் வெச்சு கம்ப்யூட்டர்ல செருகினா ஜிபிஎக்ஸ் ஃபைலா எடுத்துக்கலாம், போன்ல ஏத்தலாம். அது முடியலைன்னா ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஆனா அந்தக் காப்பி கரையில இருக்கணும். 2017 நவம்பர் 30 ஒக்கி வந்தப்போ குமரிப் பக்கம் என்ன நடந்துச்சு? எங்களையும் தேடற கப்பல்ல ஏத்திக்கோங்க, எங்க தேடணும்னு எங்களுக்குத்தான் தெரியும்னு மீனவங்க கேட்டாங்க. இடம் தெரிஞ்சது ஆளுங்க மனசுல மட்டும்தான். போட்டோட பாயிண்ட் லிஸ்ட் ஒண்ணு வீட்டு அலமாரியில இருந்தா, 'அவர் வழக்கமா போறது இங்க, இங்க, இங்க'ன்னு ஒரு பொண்டாட்டியால அதிகாரி மேஜையில வைக்க முடியும். அதுக்கு நிகரான இன்ஷூரன்ஸ் எந்தக் கம்பெனி கொடுக்கும்?

"இதெல்லாம் கடலுக்குப் போறவங்களுக்கு, எனக்கென்ன"ன்னு சிரிக்கற வகுப்புத் தோழர்களே, உங்க போன்ல மேப்பைத் திறந்து சேவ் பண்ணின இடங்களைப் பாருங்க. பேரே இல்லாம வெறும் எண்ணோட எத்தனை? அதுல ஒண்ணு எதுக்குப் போட்டதுன்னு சொல்லுங்க, டீ வாங்கித் தரேன்.

அந்த 412ஐ என்ன பண்ணினோம்னு சொல்லி முடிச்சுக்கறேன். ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் லைட்ஹவுஸ்லேர்ந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம்னு நான் கணக்கு போட்டு வாசிப்பேன். படுத்திருக்கற அப்பா கண்ணை மூடிட்டு யோசிப்பார். அப்புறம் ஒரு பேர் சொல்வார், மாசம் சொல்வார், மீன் சொல்வார். பையன் எழுதுவான். நாலு ஞாயித்துக்கிழமை ஆச்சு. (பேர்களை இங்க எழுத மாட்டேன். மேல சொன்னேனே, ரகசியம்!) ஒரே இடம் திரும்பத் திரும்ப விழுந்தது 96. காலாவதி ஆனது 118. பேரோட நின்னது 167. 187க்கு இப்போ மண்டையோடு சின்னம் போட்டாச்சு.

மீதி 31. அதுக்கு அவர் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு "தெரியலப்பா"ன்னார். அந்த 31ல ஒண்ணு அவருக்கு வாழ்க்கையிலேயே நல்லா மீன் பட்ட இடமா இருக்கலாம். போட்டையே கவுக்கற பாறையாவும் இருக்கலாம். எங்க பாடத்துல கணக்கு டேலி ஆகாத தொகையைப் போட்டு வைக்க சஸ்பென்ஸ் அக்கவுண்ட்னு ஒண்ணு உண்டு. அந்த 31ஐயும் அங்கதான் போட்டு வெச்சிருக்கோம். அந்தக் கணக்கை முடிக்க அவரைத் தவிர வேற ஆள் கிடையாது, அவருக்கே ஞாபகம் இல்லை.

அடுத்த தடவை மார்க் பட்டனை அமுக்கினதும் கருவி 'பேர் மாத்தணுமா?'ன்னு கேக்கும். பத்து செகண்ட் நில்லுங்க. மாத்துங்க.

டிஸ்கி: எதிர்வீட்டு மாமாவுக்கு விளக்கம் சொல்லியாச்சு. இப்போ அவரோட பைக் சர்வீஸ் கடை, சிலிண்டர் கோடவுன், தங்கச்சி வீடு எல்லாத்துக்கும் போன்ல பேர் போட்டுக் கொடுன்னு என்னைப் பிடிச்சு வெச்சிருக்கார். தேவைதான் எனக்கு!